மண்ணுக்கும் இலைக்கும் நடுவே

ரோஜாவின் கரும்புள்ளி நோய் ஏன் பெரும்பாலும் அடியிலையில் ஆரம்பிக்கிறது? கொடைக்கானலில் வாசலில் நாலு ரோஜா வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். ஐப்பசி அடைமழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்போது தரையை ஒட்டிய இலைகளில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். பொட்டைச் சுற்றி இலை மஞ்சளாகும். அப்புறம் விரல் பட்டாலே உதிரும். சில நாளில் அதற்கு மேல் இருக்கிற இலைகளுக்கும் பரவும். கார்த்திகை முடிவதற்குள் உச்சியில் கொஞ்சம் கொழுந்து மட்டும் மிச்சமிருக்க, கீழே செடி வெறும் குச்சியாக நிற்கும். காற்றில் பறந்து வரும் நோயாக இருந்தால் உச்சி இலைக்கும் அடியிலைக்கும் சேர்ந்தே வந்திருக்கும். வேர் வழியாக ஏறும் நோயாக இருந்தால் செடியே வாடியிருக்கும். இது இரண்டிலும் சேரவில்லை.

துப்பு வீட்டுச் சுவரில் கிடைக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வெளிச்சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை மண் புள்ளிகள் அடர்ந்திருக்கும். மேலே போகப்போகக் குறையும். இடுப்புக்கு மேல் அநேகமாக இருக்காது. சுவரோரம் வெற்று மண்ணாக இல்லாமல் புல் மண்டிக் கிடக்கும் இடத்தில் புள்ளி மிகக் குறைவு. தரையில் விழுந்த மழை மண்ணையும் தூக்கிக்கொண்டு மறுபடி எழுந்திருக்கிறது. ரோஜாவின் அடியிலை அந்த முழங்கால் உயரத்துக்குள்தான் இருக்கிறது.

நோயுற்ற இலை ஒன்றைப் பறித்துக் கைலென்ஸில் பார்க்கலாம். பொட்டின் விளிம்பு சீரான வட்டமாக இருக்காது. இழை இழையாகப் பிரிந்து பச்சைக்குள் ஓடியிருக்கும். கறுப்பின் நடுவே குண்டூசி முனையைவிடச் சிறிய கொப்புளங்கள் தெரியும். ஒவ்வொரு கொப்புளத்திலும் ஆயிரக்கணக்கில் பூசண வித்துகள் விளைகின்றன. டிப்ளோகார்ப்பான் ரோசே என்பது இந்தப் பூசணத்தின் பெயர். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் எலியாஸ் ஃப்ரீஸ் 1815இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். ஆனாலும் அதன் வாழ்க்கைச் சுழற்சியின் பாலினப் பெருக்க நிலையைக் கண்டு, இலைப்புள்ளியில் தெரியும் நிலையும் அதுவும் ஒரே பூசணம்தான் என்று அமெரிக்காவின் ஃபிரெடரிக் வுல்ஃப் காட்டியது 1912இல். உதிர்ந்து கிடக்கும் பழைய இலையிலும் தண்டில் விழுந்த தழும்பிலும் அது உயிரோடு தங்குகிறது என்பது இந்த ஆராய்ச்சி வரிசையில் நமக்குக் கிடைத்த முக்கியமான செய்தி. கொடைக்கானலில் ரோஜா முழுதாக இலையுதிர்த்துத் தூங்கும் குளிர்காலமும் கிடையாது. பூசணத்துக்கு ஆண்டு முழுக்க வீடு உண்டு.

அதன் வித்துகள் பிசினுக்குள் அமிழ்ந்திருக்கின்றன. காய்ந்த நிலையில் காற்று எவ்வளவு வீசினாலும் கிளம்பாது. தண்ணீர் பட்டுப் பிசின் கரைந்தால்தான் வித்து விடுபடும். விடுபட்ட வித்து புதிய இலையில் இறங்கிய பிறகும், அந்த இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருந்தால்தான் முளைத்து உள்ளே நுழைய முடியும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறும், மழை விட்ட பின்னும் மூடுபனி வந்து உட்காரும் ஓர் ஊரில் ஏழு மணி நேர ஈரம் பெரிய விஷயமே இல்லை. அந்த ஈரத்தை நம்மால் தடுக்கவும் முடியாது. தடுக்க வாய்ப்புள்ள இடம் ஒன்றுதான்: வித்து தரையிலிருந்து இலைக்குப் போகும் அந்தச் சின்னப் பயணம்.

அந்தப் பயணத்தை அளந்து பார்த்தவர்கள் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த ஃபிலிப் கிரிகரியும் அவருடன் வேலை செய்தவர்களும். 1959இல் வெளியான அவர்களுடைய சோதனை எளிமையானது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீரைப் பரப்பி, அதில் ஃபியூசேரியம் பூசணத்தின் வித்துகளைக் கலந்துவைத்தார்கள். 7.4 மீட்டர் உயரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரேயொரு நீர்த்துளியை அதன் மேல் விழவிட்டார்கள். பெருமழையின் கொழுத்த துளிக்குச் சமம் அது; அப்படிப்பட்ட துளி தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. தெறித்த சிறுதுளிகளைப் பிடித்து எண்ணினார்கள். ஒரு துளியிலிருந்து 5,200க்கும் மேற்பட்ட திவலைகள் கிளம்பியிருந்தன. அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவை குறைந்தது ஒரு வித்தையாவது சுமந்து போயிருந்தன.

இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது நான் சற்று நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். ஒரே ஒரு துளிக்கு இவ்வளவு என்றால், ஐப்பசியில் அரைமணி நேரம் கொட்டும் மழை ஒரு ரோஜாப் பாத்தியில் என்ன செய்யும்? மருந்து அடித்து அடித்தும் நோய் திரும்ப வருவதில் வியப்பில்லை. இலை மேல் மருந்து இருக்கிறது. வித்து தயாராகும் இடம் தரையில் இருக்கிறது. அடுத்த மழை மருந்தைக் கழுவிவிட்டு வித்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

மண்ணுக்கும் இலைக்கும் நடுவே எதையாவது விரிப்பது என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. மூடாக்கு நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வைக்கோல், சருகு, தென்னை மட்டை, கரும்புச் சோகை என்று கையில் கிடைத்ததைப் போட்டு மண்ணை மூடுவது பழைய பழக்கம். ஈரம் காக்கவும் களை அடக்கவும் அதைச் செய்தார்கள். விரித்துப் போடும் தாள் மூடாக்கு 1910களில் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களில் சார்லஸ் எக்கார்ட் தொடங்கிவைத்தது. தார் பூசிய தாள் அது. பிறகு 1950களில் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமரி எம்மெர்ட் பாலித்தீன் ஷீட்டை விரித்துக் காட்டினார். இன்று திண்டுக்கல், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் மேட்டுப்பாத்தி மேல் வெள்ளியும் கறுப்புமாய் மின்னும் மல்ச்சிங் ஷீட் அந்த வழியில் வந்தது.

ஷீட் போட்டால் தெறிப்பு நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் மேடனும் கூட்டாளிகளும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. ஸ்ட்ராபெர்ரிப் பழத்தை அழுக வைக்கும் ஒரு பூசணத்தை எடுத்துக்கொண்டார்கள். செயற்கை மழைக் கருவியின் கீழே வைக்கோல், வெற்று மண், பிளாஸ்டிக் ஷீட் என்று மூன்றுவிதத் தரை. நோயுற்ற பழத்தை நடுவில் வைத்து மழை பெய்வித்து, சுற்றியுள்ள பழங்களுக்கு எவ்வளவு பரவுகிறது என்று பார்த்தார்கள். வைக்கோலில்தான் பரவல் மிகக் குறைவு. மண்ணில் அதைவிடக் கூடுதல். எல்லாவற்றையும்விட அதிகம் பிளாஸ்டிக்கில்.

காரணம் யோசித்தால் புரியும். வைக்கோல் துளியின் வேகத்தை இழைகளுக்குள் வாங்கி உடைத்துவிடுகிறது. தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. ஷீட் மேல் தண்ணீர் மெல்லிய படலமாகத் தேங்குகிறது. கிரிகரியின் சோதனையில் இருந்த அதே மெல்லிய நீர்ப்படலம். அதன் மேல் நோயுற்ற இலையோ பழமோ கிடந்தால் தெறிப்புக்கு அதைவிடச் சாதகமான தரை வேறில்லை.

அப்படியானால் ஷீட் நோயைக் குறைக்குமா, கூட்டுமா? நோயின் தொடக்கம் எங்கே என்பதைப் பொறுத்தது. வித்து மண்ணிலோ மண்ணில் புதைந்த பழைய இலையிலோ இருந்தால் ஷீட் அதைக் கீழேயே அடைத்துவைக்கிறது. வித்து ஷீட்டுக்கு மேல் வந்துவிட்டால் ஷீட்டே அதற்கு உதவுகிறது. எனவே ஷீட் விரிக்கும் முன் பழைய இலைகளைப் பொறுக்கி எடுப்பதும், விரித்த பிறகு மேலே உதிர்ந்து கிடக்கும் இலையை அவ்வப்போது கூட்டி அள்ளுவதும் ஷீட்டின் விலைக்குச் சமமான வேலை. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எல்லாப் பூ நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. செவ்வந்தியில் அடியிலையைக் கருக்கும் செப்டோரியா இலைப்புள்ளியும் பலவகைப் பாக்டீரியா இலைப்புள்ளிகளும் தெறிப்பில் ஏறுபவை. அங்கே மூடாக்கு நேரடியாக வேலை செய்யும். சாம்பல் நோய் காற்றில் வருவது, இலை மேல் நீர் நின்றால் அதற்கே ஆகாது. தரையில் என்ன விரித்தாலும் அதற்குக் கவலையில்லை. கார்னேஷனைக் கொல்லும் ஃபியூசேரியம் வாடல் நோய் மண்ணுக்குள் பல ஆண்டு கெட்டியான உறையோடு காத்திருந்து வேர் வழியாகவே நுழைகிறது. ஷீட்டுக்கு அடியில்தான் வேரும் இருக்கிறது, பூசணமும் இருக்கிறது. நடுவே சுவர் எங்கே? வடிகால் சரியில்லாத பாத்தியில் ஷீட் போட்டால் ஈரம் தங்கி வேரழுகல் கூடவும் செய்யும்.

பாலிஹவுஸுக்குள் மழையே இல்லையே, அங்கே ஷீட் எதற்கு என்று கேட்கலாம். கார்னேஷன், ஜெர்பரா, லில்லியம் போன்ற கொய்மலர்களுக்கு அங்கே எதிரி பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் நிறப் பூசணம். இதழில் நீர்க்கோத்த சிறு புள்ளியாகத் தொடங்கும். பெட்டியில் அடுக்கிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மொட்டே அழுகிவிடும். அதற்குக் காற்றின் ஈரப்பதம் வேண்டும். பகலில் நனைந்த மண்ணிலிருந்து எழும் நீராவி இரவுக் குளிரில் இதழ் மேல் படிகிறது. சொட்டுநீர்க் குழாயை ஷீட்டுக்கு அடியில் ஓட்டினால் மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் குறைகிறது, இதழ் காய்ந்தே இருக்கிறது. தெறிப்பைத் தடுப்பதற்கு இது முற்றிலும் வேறான வழி. வெள்ளி நிற ஷீட்டின் பளபளப்பு அசுவினியையும் இலைப்பேனையும் தடுமாறச் செய்து அவை கொண்டுவரும் நச்சுயிரி நோயைத் தள்ளிப்போடுவது மூன்றாவது வழி.

கண்ணாடித்தாள் போலத் தெளிவான ஷீட்டை விரித்து வெயிலாலேயே மண்ணை வேகவைக்கும் முறையும் உண்டு. இஸ்ரேலின் யாக்கோவ் கட்டானும் உடன் ஆய்ந்தவர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அதை உலகறியச் செய்தது. மலைக்குக் கீழே இருக்கும் நிலக்கோட்டையின் சித்திரை வெயிலுக்கு அது பொருத்தம். கொடைக்கானல் வெயில் அந்த வேலைக்குப் போதாது.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சாதாரண பாலித்தீனே செய்யும். பிறகு, மண்ணிலேயே மக்கிப்போகும் ஷீட் என்று ஒன்று எதற்கு? பயிர் முடிந்த அன்று பாத்தியோரம் நின்று பார்த்தால் தெரியும். 25 அல்லது 30 மைக்ரான் கனமுள்ள ஷீட்டைப் பிடித்து இழுத்தால் முழுதாக வராது. செடி நட்ட ஓட்டைகளில் கிழியும். வரப்பில் மண் அணைத்த ஓரம் அப்படியே அறுந்து உள்ளே தங்கிவிடும். கையில் வருவதும் சேறும் வேருமாக ஒட்டிக்கொண்டு வரும். சேற்றோடு வரும் ஷீட்டை மறுசுழற்சிக்கு எடுப்பார் இல்லை. பிறகு என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: வரப்போரம் எரியும், அல்லது ஓடையில் போகும். சீனத்தின் வயல்களில் பல பத்தாண்டுகளாக இப்படித் தங்கிய ஷீட்டுத் துண்டுகள் வேரையும் நீரோட்டத்தையும் மறிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் இந்தப் பிரச்சினையின் கனம் வேறு. இங்கே ஓடையில் விட்டது இங்கேயே நிற்பதில்லை. வரதமாநதி, பாலாறு - பொருந்தலாறு, குதிரையாறு, மருதாநதி, மஞ்சளாறு என்று மலையின் நாலு பக்கமும் இறங்கும் நீர் கீழே அணைகளில் தேங்கி வயலுக்கும் குடிநீருக்கும் போகிறது. 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு தோட்டங்களை ஒட்டியே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்த பிறகு பையையும் பாட்டிலையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஏக்கர் கணக்கில் மண்ணில் விரியும் நெகிழியைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்பேன்.

பாலித்தீன் ஏன் மக்குவதில்லை, சில நெகிழிகள் மட்டும் ஏன் மக்குகின்றன? பூச்சரத்தை வைத்து யோசிக்கலாம். நிலக்கோட்டைச் சந்தையில் கட்டிய மல்லிச் சரம் இருக்கிறது; விரலுக்கு ஒரு முடிச்சு. முடிச்சு அவிழ்த்துத் தெரிந்தவருக்கு அதைப் பூப்பூவாகப் பிரிப்பது எளிது. நெகிழிகள் எல்லாம் நீண்ட சரங்கள்தான். பலபடி என்று வேதியியலில் சொல்வது அதைத்தான். பாலித்தீன் சரத்தில் ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று நேராகப் பிணைந்திருக்கின்றன. அதில் முடிச்சே இல்லை. நுண்ணுயிரிகளின் நொதிக்கு எங்கே பிடிப்பது என்று தெரியாது. மக்கும் ஷீட்டில் பெரும்பாலும் இருப்பது பிபிஏடி என்ற பலபடி. அதோடு மாவுச்சத்தோ, சோளம் கரும்பிலிருந்து எடுக்கும் பிஎல்ஏவோ கலந்திருக்கும். பிபிஏடி சரத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் எஸ்டர் பிணைப்பு என்ற முடிச்சு வருகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி இயற்கையில் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த நொதி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. எல்லா இலைக்கும் மேலே நீர் ஒட்டாத ஒரு தோல் உண்டு. அதன் முக்கியப் பொருள் கியூட்டின். அதுவும் எஸ்டர் முடிச்சுகளால் ஆன பலபடி. இலை தானே தயாரிக்கும் பாலியெஸ்டர் என்றே சொல்லலாம். இலைக்குள் நுழைய விரும்பும் பூசணம் முதலில் சந்திக்கும் தடை அது. அதைக் கரைக்கும் நொதியை, கியூட்டினேஸை, ஒரு ஃபியூசேரியம் பூசணத்திலிருந்து 1970களில் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் கேரளத்தில் பிறந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் பி.இ. கொலாட்டுக்குடி. நோயுண்டாக்க இந்த நொதி கட்டாயம் தேவையா என்பதில் பின்னாளில் பலத்த விவாதம் நடந்தது. ஆனால் பிபிஏடி போன்ற நெகிழியை அறுப்பது இதே குடும்பத்து நொதிகள் என்பது உறுதியாகியிருக்கிறது. இலையின் தோலைக் கரைக்கப் பழகிய உயிர்களே ஷீட்டையும் கரைக்கின்றன.

ஜப்பானின் சுகுபாவில் கிதமோத்தோ ஹிரோகோவும் குழுவினரும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டே தேடினார்கள். இலைத்தோலைத் தின்னும் நொதி வேண்டுமென்றால் இலை மேல் வாழும் உயிரிடம் போகவேண்டும் என்பது அவர்கள் யோசனை. நெல் போன்ற பயிர்களின் மேற்பரப்பில் இயல்பாக வாழும் ஈஸ்ட் வகைகளைச் சேகரித்துச் சோதித்ததில், மக்கும் ஷீட்டை வேகமாகச் சிதைப்பவை அதில் கிடைத்தன. 2011இல் இதை வெளியிட்டார்கள். அறுவடை முடிந்ததும் அந்த நொதியை ஷீட் மேல் தெளித்துச் சிதைவை முடுக்கிவிடலாமா என்பது வரை அந்த ஆராய்ச்சி போயிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஷீட் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றால் மக்கிவிட்டது என்று அர்த்தமா, பொடிப்பொடியாக உடைந்து மண்ணில் ஒளிந்திருக்கிறதா? சூரிச் நகரின் ஆய்வாளர்கள் மைக்கேல் சும்ஸ்டைன், மைக்கேல் சாண்டர் முதலியோர் 2018இல் இதற்கு அழகான விடை கண்டார்கள். சாதாரணக் கார்பனைவிடச் சற்றே கனமான கார்பன்-13 அணுக்களை வைத்து பிபிஏடியைத் தயாரித்து மண்ணில் புதைத்தார்கள். கனமான கார்பன் எங்கே போனாலும் கருவி அதை அடையாளம் காட்டிவிடும். 25 டிகிரி வெப்பத்தில் ஆறு வாரம். மண்ணிலிருந்து வெளியேறிய கார்பன் டை ஆக்ஸைடில் அந்தக் கார்பன் இருந்தது. ஷீட் மேல் படர்ந்திருந்த பூசண இழைகளின் உடம்புக்குள்ளும் இருந்தது. நெகிழி உடைந்து ஒளியவில்லை. ஒரு பகுதி மூச்சாகவும் ஒரு பகுதி உயிர்த்தசையாகவும் மாறியிருந்தது. மக்குதல் என்பதற்கு இதைவிடக் கறாரான சான்று கேட்க முடியாது.

அதே சோதனையில் நிற்காத ஒரு சரக்கும் சந்தையில் உலவுகிறது. பாலித்தீனோடு உலோக உப்பு எதையாவது சேர்த்து, வெயில் பட்டால் நொறுங்கும்படி செய்து, சிதையும் பிளாஸ்டிக் என்று விற்பது. அது முடிச்சில்லாத அதே சரம்தான்; துண்டுதுண்டாகிறது, அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பிறப்பித்த நெறிமுறையில் இதைத் தடைசெய்தது. வாங்கும்போது சிதையுமா என்று கேட்பதைவிட எதனால் ஆனது, மண்ணில் மக்கும் என்பதற்கு எந்தத் தரச்சான்று இருக்கிறது என்று கேட்பது நல்லது. கம்போஸ்டில் மக்கும் என்ற சான்று மட்டும் போதாது. தொழிற்சாலைக் கம்போஸ்ட் 58 டிகிரிச் சூட்டில் நடப்பது.

மண்ணில் மக்கும் ஷீட்டுக்கென்றே 2018இல் வந்த ஐரோப்பியத் தரம் இஎன் 17033. அதன்படி ஷீட்டின் கார்பனில் 90 விழுக்காடு இரண்டு ஆண்டுக்குள் கார்பன் டை ஆக்ஸைடாக மாற வேண்டும். ஆய்வகத்தில் அந்தச் சோதனை நடப்பது 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் கோடையிலேயே பகல் வெப்பம் 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். ஆண்டுச் சராசரி 15ஐ ஒட்டியது. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் மண் நுண்ணுயிரிகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தோராயமான விதி. ஆக, நிலக்கோட்டையில் இரண்டு ஆண்டில் மக்கும் ஷீட் கொடைக்கானல் மேல்மலையில் அதே காலத்தில் மக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டுதோறும் புது ஷீட் போட்டால், முந்தையது தீர்வதற்குள் அடுத்தது சேரும். ஆனால் இதே குளிர் ஒரு நன்மையும் செய்யக்கூடும்: பயிர் நிற்கும்போதே ஷீட் நைந்துபோவது மெதுவாகும்.

பயிர் நடுவில் நைவதுதான் நோய்த்தடுப்பில் மக்கும் ஷீட்டின் பலவீனம். முதலில் போவது மண்ணும் காற்றும் சந்திக்கும் ஓரம். வரப்பில் மண் அணைத்த இடம். அங்கே ஈரமும் நுண்ணுயிரியும் சேர்ந்திருக்கின்றன. ஓரம் விட்டதும் மலைக்காற்று ஷீட்டைத் தூக்கிக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் வெற்று மண் தெரியும், தெறிப்பு மறுபடி தொடங்கும். பெரும்பாலான மக்கும் ஷீட்டுகள் ஒரு பருவத்துக்கென்று செய்யப்படுபவை. ரோஜா ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி. அதற்கு மக்கும் ஷீட்டைப் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே வைக்கோலையோ சருகையோ இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் போட்டு, கரையக் கரையச் சேர்த்துக்கொண்டே போவது மேல். ஒஹாயோச் சோதனையில் தெறிப்பை நன்றாக அடக்கியதும் வைக்கோல்தான்.

பருவப் பூக்கள் வேறு. 1908இல் வன அதிகாரி பிரையண்ட் திட்டமிட்டு உருவாக்கியதாகச் சொல்லப்படும் பிரையண்ட் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்காக அங்கே மாதங்களுக்கு முன்பே நாற்றுகளைக் கட்டம் கட்டமாக நட ஆரம்பிக்கிறார்கள். நடவுக்கும் பூவுக்கும் இடையே சில மாதம். கண்காட்சி முடிந்தால் பாத்தி காலி. மக்கும் ஷீட்டின் ஆயுளும் அந்தச் செடிகளின் ஆயுளும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. பூ முடிந்ததும் ஷீட்டைப் பொறுக்காமல் கொத்திப் புரட்டிவிடலாம் என்பதும், அதற்கான கூலி மிச்சமாவதும், விலைக் கூடுதலைக் கொஞ்சம் ஈடுகட்டும். அலங்காரப் பூ விஷயத்தில் இலையில் நாலு புள்ளி விழுந்தாலும் அழகு போய்விடுகிறது. காய்கறியில் பொறுத்துக்கொள்வதை இங்கே பொறுக்க முடியாது. எனவே தெறிப்பைத் தடுப்பதன் மதிப்பும் இங்கே கூடுதல்.

சரிவு நிலத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாத்தியை மூடினால் மழை நீர் மண்ணுக்குள் இறங்காமல் வாய்க்காலில் ஓடும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் தக்காளி வயலில் அளந்தபோது, செடிகொடி மூடாக்குப் போட்ட வயலைவிடப் பாலித்தீன் போட்ட வயலிலிருந்து இரண்டு முதல் நான்கு மடங்கு நீரும், மூன்று மடங்குக்கும் மேல் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டன. அதோடு தெளித்த மருந்தும் போயிற்று. மக்கும் ஷீட்டும் மழையை ஊடுருவ விடாத ஷீட்தான். பூம்பாறை, மன்னவனூர் போன்ற படிக்கட்டு நிலங்களில் பாத்தி மேல் ஷீட் போட்டால் நடுவிலுள்ள வாய்க்காலில் வைக்கோலோ புல்லோ பரப்பியே ஆகவேண்டும். வாய்க்காலில் தெறிக்கும் துளியையும் அதுவே அடக்கும்.

மேல்மலையில் எந்த ஷீட் எத்தனை மாதத்தில் மக்கும் என்பதை அறியப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் கையாளும் முறையையே தோட்டக்காரரும் செய்யலாம். கைப்பிடி அகலத்துக்கு ஷீட்டை வெட்டி, நைலான் வலைப்பையில் மண்ணோடு சேர்த்துப் போட்டு, ஒரு சாண் ஆழத்தில் புதைக்க வேண்டும். ஒவ்வொரு பைக்குப் பக்கத்திலும் அதே அளவு வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று. பருத்தி செல்லுலோஸால் ஆனது; தரச்சோதனையிலும் ஒப்பிடுவதற்கு அதைத்தான் வைக்கிறார்கள். கொடைக்கானலில் ஒரு வரிசையும், அறிந்தவர் தோட்டம் இருந்தால் மலையடிவாரத்தில் ஒரு வரிசையும். மூன்று மாதத்துக்கு ஒரு பையைத் தோண்டி எடுத்து மிச்சமுள்ள பரப்பைக் கட்டம் போட்ட தாளில் வைத்து வரைந்து, தேதியோடு குறித்துவைக்கலாம். பரப்பு குறைவதை வைத்து முழுதாக மக்கியதென்று முடிவு கட்ட முடியாது. அதற்குச் சூரிச் ஆய்வைப் போன்றது தேவை. ஆனால் ஒன்று தெளிவாகும். துணி மக்கிப்போய் ஷீட் அப்படியே இருந்தால் குறை ஷீட்டில். துணியும் ஷீட்டும் இரண்டுமே அப்படியே இருந்தால், குளிரோ அந்த மண்ணோ காரணம். அந்த இடத்தில் வைக்கோலுக்குத் திரும்பலாம்.